ஊமைத்துரை போன வழியே ஏழு நாள்

முதல் நாள், பிப்ரவரி 2: பாளையங்கோட்டை

பஸ்ஸை விட்டு இறங்கும்போதே மாமாவின் செருப்பு அறுந்துவிட்டது. "சகுனமே சரியில்லையே மாமா" என்றேன். "ஜெயில்லருந்து தப்பிச்சவன் மட்டும் செருப்புப் போட்டுட்டா ஓடுனான்? நட மாப்ள" என்றார்.

மாமா பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவர். "கட்டபொம்மனுக்கு ஒரு பாடம், மருது பாண்டியருக்கு ஒரு பாடம், ஊமைத்துரைக்கு ரெண்டு வரி. அந்த ரெண்டு வரியத்தான் ஆயுசு பூரா ஒப்பிச்சிருக்கேன்" என்று அவருக்கு ஒரு குறை. அதைத் தீர்க்கத்தான் இந்தப் பயணம். ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பியது 1801 பிப்ரவரி 2. கொல்லப்பட்டது அதே ஆண்டு நவம்பர் 16. இடைப்பட்ட ஒன்பதரை மாதத்தில் அவர் கால் பட்ட ஊர்களுக்கெல்லாம் போய் வருவது என்று முடிவு. கார் கிடையாது, பஸ்தான். புறப்படும் தேதியும் மாமா பார்த்து வைத்ததே.

1799 செப்டம்பரில் மேஜர் பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கியது, தப்பிப்போன கட்டபொம்மனைப் புதுக்கோட்டைத் தொண்டைமான் பிடித்துக் கொடுத்தது, அக்டோபரில் கயத்தாறில் தூக்கிலிட்டது, இதெல்லாம் நம்மூரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். புளியமரத்தோடு கதை முடிந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். முடியவில்லை. தம்பிகள் ஊமைத்துரையும் செவத்தையாவும் பாளையங்கோட்டைக் கோட்டைக்குள் ஒன்றேகால் வருடத்துக்குமேல் அடைபட்டுக் கிடந்தார்கள். ஊமைத்துரையின் பெயர் குமாரசாமி. பேச்சு வராது, சைகைதான்.

விறகுக் கட்டு, இலைக்கட்டு விற்கிறவர்கள் போல ஆட்கள் உள்ளே வந்தார்கள்; கட்டுக்குள் ஆயுதம். அன்று மாலை வெள்ளைக்கார அதிகாரிகள் மேஜர் மெக்காலே வீட்டு விருந்தில் இருந்தார்கள். காவலர்களை மடக்கிப் போட்டுவிட்டு வெளியேறிய கூட்டம் விடிவதற்குள் பாஞ்சாலங்குறிச்சியில் நின்றது. முப்பது மைல் தூரம். கோட்டை மதில் இப்போது பெரும்பாலும் இல்லை. வாசல்களில் ஒன்றின் மேல் நெடுங்காலம் போலீஸ் ஸ்டேஷன் நடந்தது. மேடைப் போலீஸ் ஸ்டேஷன் என்றே பெயர். மாமா அதை அண்ணாந்து பார்த்துவிட்டு, "தப்பிச்ச இடத்துக்கு மேலயே போலீஸ உக்கார வச்சிருக்கானுக" என்று சிரித்தார். அப்புறம் இருட்டுக்கடைப் பக்கம் போய் அல்வாவுக்கு வரிசையில் நின்றோம். செருப்பு நாளைக்குத் தைத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் நாள்: பாஞ்சாலங்குறிச்சி

தூத்துக்குடி போய், அங்கிருந்து ஓட்டப்பிடாரம் பஸ். ஓட்டப்பிடாரத்தில் வ.உ.சி. பிறந்த வீட்டுக்கு ஒரு கும்பிடு. மூன்று கிலோமீட்டரில் பாஞ்சாலங்குறிச்சி.

இப்போது நிற்கிற கோட்டை 1974-ல் அரசு கட்டிய நினைவுக்கோட்டை. உள்ளே சுவர் முழுக்க ஓவியம். பள்ளிப் பிள்ளைகள் இரண்டு வேனில் வந்திறங்கி, கட்டபொம்மன் சிலைக்கு முன்னால் வசனம் பேசிக்கொண்டிருந்தார்கள். ஜாக்சன் துரையாக நிற்க ஒருவனும் சம்மதிக்கவில்லை. கடைசியில் வாத்தியாரே ஜாக்சன் ஆனார்.

பக்கத்தில் ஜக்கம்மா கோயில். சற்றுத் தள்ளிப் பழைய கோட்டை இருந்த மண்மேடு. எனக்கு இந்த மேடுதான் முக்கியம். 1799-ல் இடித்துத் தரைமட்டமாக்கிய கோட்டை இது. தப்பி வந்த ஊமைத்துரையைத் துரத்திக்கொண்டு பிப்ரவரி 9-ல் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை வந்து பார்த்தால், கோட்டை எழும்பி நிற்கிறது. ஆறே நாள்! ஊர் சனம் எல்லாம் மண் சுமந்திருக்க வேண்டும். கருங்கல் இல்லை, சுண்ணாம்பு இல்லை. கரிசல் மண்ணைக் குழைத்து அடித்த மதில். சுமார் 500 அடிக்கு 300 அடி, பன்னிரண்டடி உயரம், சுற்றிலும் முள்வேலி. பீரங்கிக் குண்டு மண்ணில் புதைந்துகொண்டதே தவிர மதில் சரியவில்லை. வந்த படை பாளையங்கோட்டைக்குத் திரும்பிப் போனது. இதற்கிடையில் ஊமைத்துரையின் ஆட்கள் தூத்துக்குடியையும் பிடித்துவிட்டார்கள்.

மார்ச் 31-ல் மெக்காலே பெரிய படையோடு மறுபடி வந்தார். மதிலில் ஓட்டை விழுந்தது. ஏறி உச்சிக்குப் போனவர்களை உள்ளேயிருந்து நீண்ட ஈட்டிகள் குத்திச் சாய்த்தன. முன்னணியில் ஏறிய 120 ஐரோப்பியரில் காயம் படாமல் மீண்டவர் 46 பேர். அந்தப் போரில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற இளம் அதிகாரி, வயதான பிறகு எழுதிய நினைவுக் குறிப்பில் ஊமைத்துரையைப் பற்றிச் சொல்வதை மாமா மனப்பாடமாக வைத்திருக்கிறார். மெலிந்த உடம்பு, நோயாளி போலத் தோற்றம். ஆனால் அவர் கையசைத்தால் அது தெய்வவாக்கு. அவர் இல்லாமல் ஆலோசனையும் இல்லை, தாக்குதலும் இல்லை. வெள்ளைக்காரப் படையைத் தாக்குவது என்றால் இடது உள்ளங்கையில் நாலைந்து வைக்கோல் துண்டுகளை வரிசையாக வைப்பாராம். அதுதான் கம்பெனிப் படை. வலது கையால் ஒரே வீச்சாகத் துடைத்து, வாயால் 'விஷ்' என்று ஒரு சத்தம். உத்தரவு முடிந்தது.

மாமா கீழே கிடந்த சோளத்தட்டையைக் கிள்ளி உள்ளங்கையில் அடுக்கிச் செய்து காட்டினார். வசனம் பேசிக்கொண்டிருந்த பிள்ளைகளில் இரண்டு பேர் வந்து வேடிக்கை பார்த்தார்கள். "இது யாரு தாத்தா?" என்று கேட்டான் ஒருவன். அண்ணனுக்கு அத்தனை பக்க வசனம் எழுதிய நாடு, தம்பிக்கு என்ன எழுதுவதென்று தெரியாமல் விட்டுவிட்டதோ என்று எனக்கு அப்போது தோன்றியது.

மே 24-ல் கர்னல் அக்னியூ கூடுதல் பீரங்கியோடு வந்து கோட்டையைப் பிடித்தார். பிறகு கோட்டையை இடித்து, உழுது, ஆமணக்கு விதைத்ததாகச் சொல்வார்கள். அருகில் வெள்ளைக்காரச் சிப்பாய்களின் கல்லறைகள் இருக்கின்றன. வெயில் மண்டையைப் பிளந்ததால் அங்கே போகவில்லை. ஏழாம் நாள் திரும்பவும் இங்கேதான் வரப்போகிறோம்.

மூன்றாம் நாள்: விளாத்திகுளம், நாகலாபுரம், கமுதி

கோட்டை விழுந்த அன்று ஊமைத்துரை உடம்பெல்லாம் காயத்தோடு பிணங்களுக்கு நடுவில் கிடந்தார். மகனைத் தேடி வந்த ஒரு தாய், குற்றுயிராகக் கிடந்த மகனைத் தூக்கப் போனாள். "என்னை விடு, பக்கத்துல சாமி கெடக்காரு, அவரக் காப்பாத்து" என்கிற பொருளில் அவன் சொல்ல, அவள் மகனை விட்டுவிட்டு ஊமைத்துரையைத் தூக்கிப் போனாள். எட்டயபுரத்துப் படை தேடி வந்தபோது துணியைப் போர்த்தி, அம்மை வார்த்துச் செத்த பிள்ளை என்று பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள். வந்தவர்கள் கிட்டே நெருங்கவில்லை. இதையும் வெல்ஷ்தான் எழுதி வைத்திருக்கிறார். அந்தத் தாயின் பெயரை அவர் எழுதவில்லை.

எட்டயபுரம் என்றதும் மாமாவுக்கும் எனக்கும் பஸ்ஸிலேயே சண்டை. எட்டப்பன் என்பது வசைச்சொல் ஆகி எத்தனையோ காலம் ஆயிற்று. நான் சொன்னது இவ்வளவுதான்: இரண்டு பாளையத்துக்கும் எல்லைத் தகராறு கம்பெனி வருவதற்கு முன்பே இருந்தது, பக்கத்து வயல்காரனோடு வரப்புச் சண்டை போடுகிறவன் எந்தப் போலீஸ் வந்தாலும் அதன் பக்கம்தான் போய் நிற்பான். மேற்குப் பாளையங்கள் பலவும்தான் ஒதுங்கி நின்றன, அவர்கள் பெயரை யாரும் வசையாக்கவில்லையே? மாமா, "நீ சொல்றது சரியா இருக்கலாம். ஆனா என் வாயில வராது" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இரண்டு பக்கமும் கரிசல். பருத்தி வெடித்துக் கிடந்தது, கொத்தமல்லி வாசம். நாகலாபுரத்தில் பஸ் இரண்டு நிமிடம் நின்றது. கட்டபொம்மனின் மந்திரி தானாபதி சிவசுப்பிரமணிய பிள்ளையை 1799 செப்டம்பர் 13-ல் இந்த ஊரில்தான் தூக்கிலிட்டார்கள். டீ குடித்து முடிப்பதற்குள் ஹாரன் அடித்துவிட்டார்கள்.

கமுதியை நெருங்கும்போது முள்காடு போய்ச் சூரிய மின்தகடுகள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை. அதைத் தாண்டிக் குண்டாற்றங்கரையில் பழைய கோட்டை. கமுதி வந்து சேர்ந்த ஊமைத்துரையைச் சின்ன மருது எதிர்கொண்டு சிறுவயலுக்கு அழைத்துப் போனார். கமுதிக்கு இது முதல் அனுபவம் இல்லை. 1799 ஏப்ரலிலேயே சித்திரங்குடி மயிலப்பன் தலைமையில் முதுகுளத்தூர், அபிராமம், கமுதி மூன்றிலும் ஜனங்கள் கம்பெனியின் கச்சேரி ஆபீசுக்குள் புகுந்திருந்தார்கள். அபிராமத்தில் 1802-ல் மயிலப்பனையும் தூக்கில் போட்டார்கள்.

லாட்ஜில் தண்ணீர் வரவில்லை. அதற்குமேல் இன்று எழுதத் தெம்பில்லை.

நான்காம் நாள்: சிறுவயல், காளையார்கோவில்

முதலில் ஒரு கூத்து. "சிறுவயல் போகணும்" என்று ஆட்டோக்காரரிடம் சொன்னோம். பேச்சு சுவாரசியத்தில் எங்கே போகிறோம் என்று பார்க்கவில்லை. அவர் இறக்கிவிட்டது சிராவயலில்! மஞ்சுவிரட்டுக்குப் பேர்போன ஊர். தை மாதக் கூட்டம் கலைந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. மூங்கில் தடுப்புகள் இன்னும் கிடந்தன. 1927-ல் காந்தி இங்கே வந்து ஜீவாவைச் சந்தித்தார் என்பதை மாமா சொன்னார், வந்ததற்கு அது லாபம். ஆட்டோக்காரர், "அண்ணே, நீங்க வாய்க்குள்ளயே பேசுனா எனக்கு எப்படித் தெரியும்" என்று எங்கள் மேலேயே பழியைப் போட்டுத் திரும்பும் வழிக்கும் வாடகை வாங்கிக்கொண்டார்.

சிறுவயல் சின்ன மருது வாழ்ந்த ஊர். வெல்ஷ் 1795-ல் இந்தப் பக்கம் வந்தபோது சின்ன மருதுவோடு பழகியிருக்கிறார். ஈட்டி எறியவும் வளரி வீசவும் தனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவரே என்று எழுதுகிறார். அரண்மனைக்குக் காவலே கிடையாது, யாரும் போகலாம், யாரும் வரலாம். அண்ணன் பெரிய மருதுவுக்கு ஆட்சியில் நாட்டமில்லை, வேட்டைதான். ஆற்காட்டு வெள்ளி ரூபாயை விரலாலேயே வளைத்துவிடுவாராம். ஆறு வருடம் கழித்து அதே வெல்ஷ் துப்பாக்கியோடு அதே ஊருக்கு வந்தார். 1801 ஜூலை 30-ல் கம்பெனிப் படை சிறுவயலை எட்டியபோது ஊர் எரிந்துகொண்டிருந்தது. எதிரி கையில் சிக்கக் கூடாதென்று மருதுவே கொளுத்திவிட்டுக் காளையார்கோவில் காட்டுக்குள் போய்விட்டார்.

நாங்களும் போனோம். இப்போது அந்தக் காடு இல்லை. வயலும் கண்மாயும் தைலமரமும்தான். அன்றைக்குப் பகலிலும் வெளிச்சம் புகாத முள்காடு. கம்பெனிக்காரர்கள் மரத்தை வெட்டி வெட்டிச் சாலை போட்டுக்கொண்டே முன்னேறப் பார்த்தார்கள். பகலில் வெட்டிய இடத்தில் இரவில் அம்பும் ஈட்டியும் வந்து விழும். 32 நாள் வெட்டினார்கள். கடைசியில் முடியாது என்று செப்டம்பர் தொடக்கத்தில் விட்டுவிட்டுத் திரும்பினார்கள்.

பீரங்கியால் ஆகாததை அவர்கள் ஒரு பட்டத்தைக் கட்டிச் சாதித்தார்கள். மருது சகோதரர்கள் வேலு நாச்சியாருக்குத் தளபதிகளாகவும் பிரதானிகளாகவும் இருந்தவர்கள். ராஜ வம்சம் இல்லை. மருதுகளோடு பகை கொண்டு அறந்தாங்கிப் பக்கம் ஒதுங்கியிருந்த படமாத்தூர் கௌரி வல்லப உடையத் தேவரைத் தேடிப் பிடித்து, செப்டம்பர் 12-ல் சோழபுரத்தில் வைத்து, சிவகங்கைக்கு உரியவர் இவர்தான் என்று கம்பெனி அறிவித்தது. மருதுவின் பக்கம் நின்றவர்களில் ஒரு பகுதி கலைந்தது. அக்டோபர் 1-ல் மூன்று பக்கமும் சூழ்ந்து காளையார்கோவிலைப் பிடித்துவிட்டார்கள். நம் ஆட்கள் தோற்ற கதையைச் சொல்லும்போது காட்டிக்கொடுத்தவனைத் தேடுகிறோம். பட்டத்துக்கு உரியவர் யார் என்ற கேள்வியையே ஆயுதமாக எடுத்தவனின் மூளையைப் பற்றிப் பேச மறந்துவிடுகிறோம்.

கோயிலுக்குப் போனபோது சாயங்காலம். பெரிய கோபுரம் மருதுகள் கட்டியது, ஒன்பது நிலை. உச்சியில் ஏறினால் மதுரைக் கோபுரம் தெரியுமாம். மானாமதுரையிலிருந்து ஆள்மாற்றி ஆள் வரிசையாக நின்று செங்கல்லைக் கைக்குக் கை கடத்திக் கட்டியதாகச் சொல்கிறார்கள். மருது சரணடையாவிட்டால் இந்தக் கோபுரத்தை இடிப்போம் என்று வெள்ளைக்காரர்கள் மிரட்டினார்கள், அதனால்தான் அவர் பிடிபட்டார் என்பது ஊரில் சொல்லும் கதை. வாசலில் பூ விற்ற அம்மா அதைச் சொன்ன விதத்தைக் கேட்டிருக்க வேண்டும். "கோபுரமா உசுரான்னு கேட்டான் வெள்ளைக்காரன். கட்டுனவரு வேற என்னப்பா சொல்லுவாரு?" மாமா ஒன்றும் பேசாமல் இரண்டு முழம் வாங்கினார். எதிரே சமாதி. ஒரு முழம் அங்கே.

இதே இடத்தில்தான் 1772 ஜூன் 25-ல் வேலு நாச்சியாரின் கணவர் முத்து வடுகநாதரும் கம்பெனிக் குண்டுக்குப் பலியானார். தெப்பக்குளக் கரையில் உட்கார்ந்திருந்தபோது இது நினைவு வந்தது.

ஐந்தாம் நாள்: திருப்பத்தூர், திண்டுக்கல்

1801 அக்டோபர் 24-ல் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். நினைவிடத்தில் யாரும் இல்லை; ஒரு நாய் மட்டும் நிழலில் படுத்திருந்தது. அக்டோபரில் இந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்று செய்தியில் பார்த்திருப்பீர்கள்: வண்டி, கொடி, போலீஸ். மற்ற மாதங்களில் நாய்தான்.

திருச்சிக்குப் போக நேரமில்லை, மனசில்லாமல் விட்டோம். அங்கேதான் 1801 ஜூன் 16-ல், கம்பெனியை எதிர்த்து எழச் சொல்லும் மருதுவின் அறிக்கையை ஒட்டினார்கள். ஒரு பிரதி கோட்டைக்குள் நவாபின் மாளிகை வாசலில், இன்னொன்று ஸ்ரீரங்கம் கோயில் மதிலில். ஜம்புத் தீவில், அதாவது இந்த நாட்டில், வாழும் எல்லா ஜாதியாருக்கும் முஸல்மான்களுக்கும் என்று தொடங்குகிறது. சிவகங்கைக்கு மட்டும், மறவர் நாட்டுக்கு மட்டும் என்று இல்லை. மாமா இதை இருபது தடவை சொல்லிவிட்டார். எனக்குப் பிடித்தது அதன் கடைசிப் பகுதி. இதைப் பார்ப்பவர்கள் நகல் எடுத்து நண்பர்களுக்கு அனுப்ப வேண்டும்; அனுப்பாதவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான்; சுவரிலிருந்து கிழித்தவனுக்குப் பஞ்சமாபாதகம். இன்றைக்கு வாட்ஸ்அப்பில் வருகிற "பத்துப் பேருக்கு அனுப்புங்கள்" எல்லாம் இதற்குப் பேரப்பிள்ளைகள். அச்சு இயந்திரமும் இல்லாத, தபாலும் கைவசம் இல்லாத படைக்கு வேறு எப்படிச் செய்தி பரவும்?

அறிக்கை ஒட்டி ஆறே வாரத்தில், ஜூலை 31-ல், கர்நாடக நவாப் தன் ஆட்சி அதிகாரத்தைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்.

மாலை திண்டுக்கல். மலைக்கோட்டையை கீழே இருந்தே பார்த்தோம். மாமாவுக்கு முட்டிவலி. எனக்குப் பிரியாணி.

ஆறாம் நாள்: விருப்பாட்சி, வத்தலகுண்டு

ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனி போகிற பாதையில் விருப்பாட்சி. கணவனை இழந்த வேலு நாச்சியார் மகளோடு வந்து எட்டு வருடம் தங்கியது இந்தப் பக்கம்தான். ஹைதர் அலியின் உதவியோடு 1780-ல் சிவகங்கையை மீட்டார். அடைக்கலம் கொடுத்தவர் பாளையக்காரர் கோபால நாயக்கர். 1800-ல் இவர் ஊரில்தான் கொங்கு, திண்டுக்கல் பாளையக்காரர்கள் கூடி, ஜூன் 3-ல் கோயம்புத்தூர்க் கோட்டையைத் தாக்குவது என்று தீர்மானித்தார்கள். திட்டம் கசிந்து தோற்றது. நாற்பதுக்கு மேற்பட்டவர்களைத் தூக்கிலிட்டார்கள். வடக்கே கம்பெனியை எதிர்த்துப் படை திரட்டியவர், இவர்கள் நம்பியிருந்தவர், தூந்தாஜி வாக். அவரும் அதே ஆண்டு செப்டம்பரில் ஆர்தர் வெல்லெஸ்லியின் படையோடு மோதிச் செத்தார். நாம் தனித்தனிப் பாடமாகப் படித்த ஆட்கள் எல்லாம் ஒருவருக்கொருவர் ஆள் அனுப்பி, கடிதம் அனுப்பிக் காத்திருந்தவர்கள்.

காளையார்கோவில் விழுந்ததும் ஊமைத்துரை மேற்கே திண்டுக்கல் பக்கம்தான் வந்தார். ஆனால் கோபால நாயக்கரை அதற்கு முந்தைய மாதமே, செப்டம்பர் 5-ல், திண்டுக்கல்லில் குளத்தங்கரையில் தூக்கிலிட்டிருந்தார்கள்.

வத்தலகுண்டு பக்கம் ஊமைத்துரையும் செவத்தையாவும் பிடிபட்டார்கள். இங்கே பார்க்க எங்களுக்கு எதுவும் தட்டுப்படவில்லை. பஸ் ஸ்டாண்டில் வெற்றிலைக் கட்டுகள் ஏறிக்கொண்டிருந்தன. மாமா ஒரு கவுளி வாங்கி, ஈரத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டார்.

ஏழாம் நாள்: மறுபடி பாஞ்சாலங்குறிச்சி, தூத்துக்குடி

அவர்களைக் கொல்ல வத்தலகுண்டிலேயே இடமிருந்தது, திண்டுக்கல்லிலும் இருந்தது. ஆனாலும் அத்தனை தூரம் நடத்திப் பாஞ்சாலங்குறிச்சிக்குத்தான் கொண்டுவந்தார்கள். 1801 நவம்பர் 16-ல் கூட இருந்த பலரோடு இங்கே வைத்துக் கொன்றார்கள். யார் பார்க்க வேண்டுமோ அவர்கள் பார்ப்பதற்காக.

மேட்டுப் பக்கம் ஆடு மேய்த்த பெரியவரிடம், "ஊமைத்துரையக் கொன்னது எந்த இடம்ணே?" என்றார் மாமா. பெரியவர் தொரட்டியை உயர்த்தி ஒரு வட்டம் போட்டார். மேடு, கல்லறை, கருவேலங்காடு, ஜக்கம்மா கோயில், எல்லாம் அதற்குள் வந்துவிட்டது.

அன்று தவறவிட்ட கல்லறைகளுக்கு இன்று போனோம். வெள்ளைக்காரப் பையன்கள். முள்ளை ஒதுக்கிக்கொண்டு நின்ற மாமா, வெற்றிலைக் கட்டைப் பிரித்து ஒன்றைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டார். "இவனுக அம்மாக்களும் தேடியிருப்பாளுகல்ல?" என்றார்.

தூத்துக்குடிக்கு வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. 1802-ல் பிடிபட்ட 73 பேரை இங்கிருந்துதான் கப்பலேற்றிப் பினாங்குக்கு நாடு கடத்தினார்கள். அதில் சின்ன மருதுவின் கடைசி மகன் துரைச்சாமியும் ஒருவன். பதினைந்து வயது இருக்கலாம். வெல்ஷ் 1818-ல் வேலையாகப் பினாங்கு போகிறார். அவரைப் பார்க்க ஓர் ஆள் வருகிறான், தளர்ந்து ஒடுங்கிப்போன கிழவனைப் போல. யாரென்று வெல்ஷுக்கு அடையாளம் தெரியவில்லை. பெயரைக் கேட்கிறார். துரைச்சாமி என்கிறான். கணக்குப் போட்டால் அவனுக்கு அப்போது முப்பது சொச்சம்தான்.

கடற்கரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம். மாமா மக்ரூன் வாங்க வேண்டும் என்று எழுந்தார். மதுரைக்குக் கடைசி பஸ் பத்தே முக்காலுக்கு.